டாக்டர் ஆன்ட்ரூ பெல்லும் எழும்பூர்ப் பள்ளியும்

நமது நகரின் பழைய பெயரைத் தாங்கிக் கடல் கடந்து சென்ற பொருள்கள் சில உண்டு. கட்டமிட்ட பருத்தித் துணி ஒன்றினை மேல்நாட்டார் இன்றும் மதராஸ் என்றே வழங்குகின்றனர். அத்துணியைப் போலவே இவ்விடத்திலிருந்து புறப்பட்டுப் பல தேசங்களிலும் புகுந்து, பின்னர் பெரும்பாலும் மறக்கப்பட்ட வேறொரு சரக்கும் உண்டு. அதுவே மதராஸ் முறை எனப் பெயர் பெற்ற கல்வி முறை. பிள்ளைகள் பிள்ளைகளுக்கே ஆசானாக அமர்ந்து கற்பித்தல் அதன் சாரம். அதனை எழும்பூரில் நடத்திக் காட்டி மேல்நாட்டிற்குக் கொண்டு சென்றவர் டாக்டர் ஆன்ட்ரூ பெல் பாதிரியார். அவர் வரலாற்றைக் கற்போர்க்கு, ஒரு மனிதரின் சரிதத்தோடு வேறொரு செய்தியும் உடன் கிடைக்கும். ஒரே முறை, ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே பாடம். எனினும் இருக்கும் இடமும் கூடியிருப்போர் தொகையும் மாறும்போது பிள்ளைகளின் நடை எவ்வாறு மாறுகின்றது என்பதே அது. இதன் முற்பாதியைப் பெல் கண்டறிந்தார். பிற்பாதி அவர் கண்முன்னே நிகழ்ந்தும் அவருக்குப் புலப்படவில்லை.

அவர் ஸ்காட்லாந்து தேசத்தில் செயின்ட் ஆன்ட்ரூஸ் என்னும் கடற்கரை நகரில் 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தை நாவிதத் தொழில் புரிந்தவர். ஆயினும் நுண்ணிய கைத்திறமையும் கூரிய புத்தியும் வாய்ந்தவர். அக்காலத்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் வாரடிக்குக் குறைவில்லை. லத்தீன் இலக்கண விதிகளை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் பெல்லுக்குச் சற்றுக் குறைவு. ஆதலின் நாள்தோறும் நடுக்கத்துடனேயே பள்ளிக்குச் சென்று வந்தார். கணிதத்திலும் இயற்கைச் சாஸ்திரத்திலும் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. அவ்வூர்ச் சர்வகலாசாலையிற் பயின்று முடித்தபின், 1774-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று, அங்கே கார்ட்டர் பிராக்ஸ்டன் என்னும் பெருநிலக்காரரின் புதல்வர்க்கு வீட்டு உபாத்தியாயராக இருந்தார். புகையிலை வாணிகத்திலும் கை வைத்தார். 1781-ஆம் ஆண்டு தாய்நாடு திரும்புகையில் அவர் ஏறிய கப்பல் நோவா ஸ்கோஷியாக் கரையில் உடைந்தது. உயிர் தப்பி ஊர் சேர்ந்து, திருச்சபையிற் குருப்பட்டம் பெற்று, லீத் நகரில் சில காலம் ஊழியம் செய்தார். அவ்வூதியம் போதாமையால் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர் செல்ல எண்ணியது கல்கத்தாவுக்கு. 1787-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கப்பல் சென்னையில் நின்றபோது, இங்கிருந்த நண்பர்கள் அவரை இங்கேயே தங்குமாறு வற்புறுத்தினர், தங்கினார்.

அவர் கண்ட சென்னை, நாம் காணும் சென்னை அன்று. கோட்டையும் அதன் வடக்கே கறுப்பர் பட்டணமும் நெருக்கமாயிருந்தன. எழும்பூர், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் முதலியவை தோப்பும் வயலும் சூழ்ந்த ஊர்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலத்தின் பக்கமாகத் தெற்கே நெடுந்தூரம் ஏரி நீர் பரந்து கிடந்தது. இப்போது தியாகராய நகரில் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் தோள் இடிபட நடப்போர், 1923-ஆம் ஆண்டு தொடங்கி வற்றச் செய்யப்பட்ட அவ்வேரியின் அடிமண்ணிலேதான் நடக்கின்றனர். அத்தகைய ஊரில் பெல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படைப்பகுதிகளின் குருப் பதவிகளைப் பெற்றார். பல பதவிகளுக்கும் சம்பளம் உண்டு. வேலையோ மிகச் சொற்பம். மின்சார யந்திரத்தைக் கொண்டு சோதனைகள் செய்து காட்டிப் பிரசங்கங்களும் நிகழ்த்தினார். பணம் சேர்ப்பதில் அவருக்கிருந்த ஆவலை மறைப்பதற்கில்லை. சென்னையில் இறங்கும்போது கையில் சொற்பமே வைத்திருந்தவர், ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது 25,000 பவுனுக்கு மேற்பட்ட பொருளோடு சென்றார். அத்தகையவர் ஒரு வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டா என்று மறுத்துவிட்டார். அவ்வேலையே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

கும்பினியாரின் படையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் இந்நாட்டு மாதரோடு கூடி வாழ்ந்து பெற்ற பிள்ளைகள் பலர், தந்தையர் போரிலோ நோயிலோ இறந்தபின் ஆதரவின்றித் திரிந்தனர். பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதி 1787-ஆம் ஆண்டு ஏற்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கு 1789-ஆம் ஆண்டில் எழும்பூரிலிருந்த சிறு கோட்டையில் ஒரு விடுதிப்பள்ளி திறக்கப்பட்டது. இப்போது எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் பக்கத்திலே அது இருந்தது. அதன் மேற்பார்வையையே பெல் ஊதியமின்றி ஏற்றுக்கொண்டார்.

அப்பிள்ளைகளைப் பற்றி அந்நாளைய ஐரோப்பியர் கொண்டிருந்த எண்ணம் கொடிது. இருவகை இரத்தக் கலப்பினால் இவர்கள் பிறவியிலேயே மந்த புத்தியும் பொய்யும் பிடிவாதமும் உடையவர்கள் என்று பலர் நம்பினர். பெல்லும் தொடக்கத்தில் அவர்களைப் பற்றி உயர்வாக எண்ணினாரல்லர். ஆயினும் குற்றம் பிறவியில் இல்லை, வளர்ந்த சூழலில் இருக்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். இது அந்நாளில் துணிவான முடிவே. ஆனால் அவர் சூழல் என்றபோது முதலிற் சுட்டியது தாய்மாரை. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தல் அவ்விடுதியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. கணவனை இழந்து, கும்பினியின் கண்ணில் மனைவியென்றே எண்ணப்படாத அந்தப் பெண்கள், இருந்த ஒரு பிள்ளையையும் எழும்பூர் வாயிலில் விட்டுச் சென்றபோது என்ன நினைத்தார்கள் என்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை. பெல்லின் புகழை எழுதியவர்கள் இதனை விரைவாகக் கடந்து சென்றுவிட்டனர். நாம் அவ்வாறு கடத்தல் தகாது.

பள்ளி நடந்த விதமோ முதலிற் பரிதாபமாகவே இருந்தது. சம்பளத்துக்கு அமர்ந்த உதவி உபாத்தியாயர்களுக்குத் தொழிலில் பற்றில்லை. நெடுங்கணக்கைக் கற்பிக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. திறமையுடைய ஆள் கிடைத்தால், அதிகச் சம்பளம் தரும் வேறு உத்தியோகம் கண்டவுடன் போய்விடுவான். பெல் சினந்தார், வேண்டினார், ஆள் மாற்றினார், பயனில்லை.

ஒரு நாட் காலையில் அவர் குதிரையேறி உலாவச் சென்றார். வழியில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடம். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்பர். ஆகவே அவருடைய சரிதங்களில் அது மலபார்ப் பள்ளி என்றே காணப்படும். சிறுவர்கள் தரையிலமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்துகொண்டிருந்தனர். எழுதுவதும் அதன் ஒலியைச் சொல்வதும் ஒருங்கே நடந்தன. பிழையெனில் உள்ளங்கையால் ஒரு தடவல். மணல் மறுபடியும் வெறுமையாயிற்று. தாள் வேண்டா, மை வேண்டா, செலவு வேண்டா. பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு, பெரும் புதையல் கண்டவர்போல மகிழ்ச்சி மிகுந்து விடுதிக்கு விரைந்தார்.

இங்கே சற்று நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பள்ளி நாற்சுவருக்குள் இருந்திருப்பின் பெல் அதனைக் கண்டிருக்கவே மாட்டார். திண்ணையென்பது பாதி வீடு, பாதி தெரு. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அவற்றின் சந்துகளிலும் இடிபடாமல் எஞ்சியிருக்கும் சில பழைய வீடுகளைப் பார்ப்போர்க்கு அதன் அளவு தெரியும். பத்துப் பதினைந்து சிறுவர் நெருங்கி அமரலாம். ஐம்பது பேர் அமர இடமில்லை. ஆகவே அண்ணாவியின் விருப்பம் எதுவாயினும், பள்ளியின் தொகையை முதலில் முடிவு செய்தவர் வீடு கட்டிய கொத்தனாரே. தெருவிற் போவோர் வருவோர் யாவரும் பிள்ளைகளைக் காண்பர். பிள்ளைகளின் ஓசை தெருவெங்கும் கேட்கும். இன்னான் மகன் வாய்ப்பாடு தப்பச் சொன்னான் என்பது அவன் வீடு சேருமுன் அவன் தாய்க்குத் தெரிந்துவிடும். அண்ணாவி கண்ணயர்ந்தாலும் தெரு கண்ணயர்வதில்லை.

அத்திண்ணையில் சட்டாம்பிள்ளை என்றொருவன் உண்டு. கற்றதில் முதிர்ந்த அவனே இளையவர்க்கு ஏடு தொடங்கி வைப்பான், முறை சொல்லுவிப்பான். பதினைந்து பேரிடையே அவன் ஓர் அண்ணன் போன்றவன். அவனுக்குக் கடலையும் வெல்லமும் கொடுத்துச் சரிக்கட்டிய கதைகளும் நம் முதியோரிடம் நிறைய உண்டு. எனினும் அவன் அளவு கடந்தால் அதே தெருவில் அவனைத் தட்டிக் கேட்க ஆளிருந்தது.

பெல் விடுதிக்குத் திரும்பியதும், நெடுங்கணக்கு வகுப்புக்கு மணலைப் பரப்புமாறு கட்டளையிட்டார். அவ்வகுப்பின் உபாத்தியாயர் இது நடவாத காரியம் என்றார். நடத்த மனமில்லை என்பதே உண்மை. பெல்லுக்குப் பொறுமை போயிற்று. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். அவன் கையில் அவ்வகுப்பை ஒப்புவித்து, நடக்கும் காரியத்துக்குப் பொறுப்பு நீயே என்றார். உபாத்தியாயரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று. சில காலத்தில் வேறு வகுப்புகளும் அவன் பார்வையில் வந்தன. அவனுக்குக் கீழே இன்னும் இளைய சிறுவர்கள் துணையாசிரியராயினர்.

இதிலிருந்து பெல் பள்ளி முழுவதையும் புதிதாக வகுத்தமைத்தார். பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டனர். ஒருவன் ஆசான், அருகிலிருப்பவன் மாணாக்கன். இணைகளுக்கு மேலே ஏழு முதல் பதினொரு வயதுள்ள ஒரு துணையாசிரியன். அவனுக்கு மேல் சற்று மூத்த ஓர் ஆசிரியன். அவர்களுக்கு மேல் வகுப்புகளைச் சுற்றிப் பார்ப்போர். பெரிய உபாத்தியாயரும் பெல்லும் எல்லாவற்றையும் கண்காணிப்பர். நன்றாகச் சொன்னவன் மேலிடத்துக்கு ஏறுவான், தவறியவன் இறங்குவான். வகுப்பில் எப்போதும் முதலில் நிற்பவனை மேல்வகுப்புக்கும், எப்போதும் பின்தங்குபவனைக் கீழ்வகுப்புக்கும் மாற்றுவர். சுருங்கச் சொன்னால், ஏறக்குறைய 200 பேர் வசித்த அவ்விடுதியில் வேலையற்ற பிள்ளை என்று ஒருவனும் இல்லை.

தண்டனையிலும் அவர் ஒரு புதுமை செய்தார். ஒரு கரும்புத்தகம் இருந்தது. கரும்பு பற்றிய புத்தகம் அன்று, கறுப்புப் புத்தகம். வாரத்தில் நிகழ்ந்த குற்றங்கள் யாவும் அதில் எழுதப்படும். வாரம் ஒருமுறை பள்ளி முழுதும் கூடியிருக்க அது படிக்கப்படும். பிள்ளைகளிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு, குற்றம் உண்டா இல்லையா, தண்டனை எவ்வளவு என்று தீர்மானிக்கும். வாரடிக்கு அஞ்சி நடுங்கிப் பள்ளிக்குச் சென்ற செயின்ட் ஆன்ட்ரூஸ் சிறுவன், எழும்பூரில் பிரம்பை ஏறக்குறையத் தேவையற்றதாக்கிவிட்டான் எனலாம். பொய்யர், பிடிவாதக்காரர் என்று இகழப்பட்ட அதே பிள்ளைகள், பிறர்மீது பொறுப்பு ஏற்றவுடன் உண்மையும் ஒழுங்கும் உடையவராய் நடந்ததைப் பெல் தம் அறிக்கைகளில் எழுதினார். இரத்தம் மாறவில்லை, மாறியது அவர்கள் அமர்ந்திருந்த இடமும் அவர்களை நம்பி ஒப்புவித்த வேலையுமே. ஆனால் ஒன்று. அங்கே 200 பேரின் முகமும் குணமும் அறிந்த ஒருவர் நாள்தோறும் அவர்களிடையே நடந்துகொண்டிருந்தார். அவர் பெயர் பெல். தம் முறையின் யந்திரத்தை விளக்கியபோதெல்லாம் அவர் இந்த ஒரு சக்கரத்தைக் கணக்கிற் சேர்க்க மறந்துபோனார்.

அப்பிள்ளைகளின் திறமைக்கு ஒரு சான்று: 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிணையாக வைக்கப்பட்ட திப்பு சுல்தானின் புதல்வர் இருவரை 1794-ஆம் ஆண்டு திருப்பியனுப்பியபோது, உடன் சென்ற கூட்டத்தில் எழும்பூர் விடுதியின் மாணாக்கன் வில்லியம் ஸ்மித் என்பவனும் இருந்தான். அவன் சுல்தானின் முன்னிலையில் இயற்கைச் சாஸ்திரச் சோதனைகளைச் செய்து காட்டினான். பிறவி மந்தர் என்று சொல்லப்பட்ட கூட்டத்திலிருந்து சென்றவன் அவன்.

உடல் நலம் குன்றியமையால் பெல் 1796-ஆம் ஆண்டு சென்னையை விட்டார். மறு ஆண்டு லண்டனில், எழும்பூர்ச் சோதனையை விவரித்து ஒரு சிறு நூலை அச்சிட்டார். முதலில் அதனைக் கவனித்தோர் சிலரே. லண்டனில் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள ஒரு தருமப் பள்ளி 1798-ஆம் ஆண்டில் அம்முறையை மேற்கொண்டது. 1801-ஆம் ஆண்டு அவர் ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊரின் குருவாயினார். அங்கே பெரியம்மைக்குத் தடுப்புப்பால் குத்துவதைப் பரப்பினார். 1800-ஆம் ஆண்டு செய்துகொண்ட திருமணம் சில ஆண்டுகளிலேயே பிரிவில் முடிந்தது. பிள்ளைகளிடத்தில் காட்டிய பொறுமையை வளர்ந்தோரிடத்தில் அவர் காட்டியதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே லண்டனின் தென்பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் இளைஞர், ஏழைப் பிள்ளைகளைத் திரட்டி ஒரு பள்ளி நடத்தினார். 1778-ஆம் ஆண்டு பிறந்த அவருக்குச் சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்கப் பொருளில்லை. ஆதலின் அவரும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பெல்லின் நூலைக் கண்டு ஊக்கங்கொண்டு, ஸ்வானேஜுக்கே சென்று அவரைச் சந்தித்தார். முதலில் நட்பு, பின்னர் யார் முந்தியவர் என்னும் பெரும் பூசல். பெல்லின் பக்கம் இங்கிலாந்துத் திருச்சபையார் சேர்ந்து 1811-ஆம் ஆண்டு தேசியச் சங்கத்தை ஏற்படுத்தினர். லங்காஸ்டர் பக்கம் பிற சபையார் சேர்ந்தனர். கவிஞர் சதே, கோல்ரிட்ஜ் முதலானோரும் பெல்லுக்காக இதிற் கலந்துகொண்டனர். அப்பூசலின் விவரங்கள் இன்று சுவையற்றவை, விட்டுவிடுவோம்.

நமக்கு வேண்டியது தொகை பற்றிய செய்தி. ஒரே ஆசிரியர் 1,000 பிள்ளைகளைக் கற்பிக்கலாம் என்று லங்காஸ்டர் பறைசாற்றினார். செலவு குறைவு என்பதால் செல்வர் யாவரும் மகிழ்ந்தனர். பெரிய கூடம் ஒன்று, சரிவான தரை, நீண்ட பலகை வரிசைகள், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. பெயர் சொல்லி அழைத்தல் இயலாதாகையால், உயரமான கம்பத்தில் எழுத்துப் பலகைகளைக் காட்டி, எழுந்திரு, உட்கார், கற்பலகையைக் காட்டு என்று கட்டளையிட்டனர். பிரம்பை வெறுத்த குவேக்கரான லங்காஸ்டர், அதற்கு ஈடாக வேறு வகைகளைக் கண்டுபிடித்தார். பேசினவன் கழுத்தில் மரக்கட்டை. திரிந்தவன் காலில் தளை. சிலரைக் கூடையிலிட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டு மற்றவர் நகைக்கும்படி செய்தனர். லங்காஸ்டர் கொடியவர் அல்லர். தம் பொருளையெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்துக் கடன்பட்டவர். ஆயிரம் பேர் அடங்கிய கூடத்தில், தெரியாத முகங்களை அடக்குதற்கு, அச்சமும் நாணமும் அன்றி வேறு கயிறு அவருக்கு அகப்படவில்லை. அங்குள்ள சட்டாம்பிள்ளை அண்ணன் அல்லன், ஆலைக் கங்காணி. அவன் நன்மை செய்தாலும் தீமை செய்தாலும் பார்க்கத் தெரு இல்லை.

பெல்லின் சங்கப் பள்ளிகளும் இந்த நோயினின்று தப்பவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில், நடுவர் குழுவும் இணையாசானும் மெல்ல மெல்லப் பெயரளவாயின. பத்து வயதுச் சிறுவன் தான் அறிந்த சிறிதையே மனப்பாடமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லுவித்தான். பெல் முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். குறை கண்டவிடத்து முறையைச் சரியாகக் கைக்கொள்ளவில்லை என்று ஆசிரியரைக் கடிந்தார். தொகையிற் குறையிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1816-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக்குச் சென்று, சிறு கூட்டமாகப் பிள்ளைகளை வைத்துக் குடும்பம்போல் நடத்திய பெஸ்டலாட்சியின் பள்ளியைக் கண்டார். அதுவும் அவரைக் கவரவில்லை. மனிதரின் குணத்தைச் சூழலே உண்டாக்குகிறது என்று வாதித்த ராபர்ட் ஓவன், இருவர் முயற்சிக்கும் பொருளுதவி செய்தார். ஆயினும் பின்னர்த் தம் நியூ லானார்க் ஆலையூரில் வேறு விதமான பள்ளியையே அமைத்தார்.

இம்முறை உண்மையில் யாருடையது என்னும் வினாவுக்கு வருவோம். மணலெழுத்தை மட்டுமே திண்ணையிலிருந்து எடுத்ததாகவும், பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழி தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றும் பெல் கருதினார். அவருக்கு முன்னே 1623-ஆம் ஆண்டில், இத்தாலிய யாத்திரிகர் பியெத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டில் இக்கேரிப் பக்கம் சென்றபோது, ஆசிரியரின்றிச் சிறுவர் நால்வர் மணல் தூவிய தரையில் எழுதிப் பாடிக் கணக்குக் கற்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். கும்பினியின் இயக்குநர்களும் 1814-ஆம் ஆண்டுக் கடிதத்தில், சென்னைப் பாதிரியார் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது இந்திய ஊர்ப் பள்ளிகளின் பழைய வழக்கமே என்று ஒப்புக்கொண்டனர். பெல் திருடினார் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் குதிரைமேலிருந்தபடியே கண்டுவிட்டு விரைந்தவர், சற்று இறங்கி அத்திண்ணையில் அமர்ந்திருந்தால், மணலோடு சட்டாம்பிள்ளையையும் கண்டிருப்பார். பதினைந்து என்னும் தொகையையும் எண்ணியிருப்பார்.

பதினைந்து என்பது நான் கற்பித்துச் சொன்னதன்று. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். கிடைத்த கணக்கு: பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498, கற்போர் 1,88,650. வகுத்துப் பார்ப்போர்க்குப் பள்ளியொன்றுக்குப் பதினைந்து பேர் வரும். கற்போருள் பெண்கள் 4,540 மட்டுமே என்பதையும் நாம் மறைக்கலாகாது. திண்ணையில் இடமிருந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்று. பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-ஆம் ஆண்டு அனுப்பிய அறிக்கையில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி, இவ்வாறே ஏறும். பதினைந்து பேருக்கு இது விளையாட்டுக் கலந்த ஒழுங்கு. ஆயிரம் பேருள்ள பள்ளியில் இதே வழக்கத்தை நடத்தினால், கடைசியில் வருபவன் கதி என்னாகும் என்பதை மாணாக்கர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இக்கணக்குகளையெல்லாம் தேடியெடுத்து 1983-ஆம் ஆண்டு நூலாக்கியவர் தரம்பால். அவர் பயன்படுத்திய மன்றோ காலத்து ஏடுகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெல்லின் விடுதி இருந்த பக்கத்துக்கு நடந்து செல்லும் தூரமே.

அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளரும் இதே வழியில் வந்து நிற்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் டென்னசி மாநிலத்தில் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய பெருஞ்சோதனை ஒன்றில், 13 முதல் 17 பிள்ளைகள் கொண்ட வகுப்புகளையும் 22 முதல் 25 பேர் கொண்டவற்றையும் ஒப்பிட்டனர். சிறிய வகுப்பினர் முந்தினர். கன்சாஸ் மாநிலத்துப் பள்ளிகளை ஆராய்ந்து பார்க்கரும் கம்ப்பும் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலோ இதனினும் நுட்பமான செய்தி உண்டு. பெரிய பள்ளியில் வசதிகள் அதிகம். ஆனால் சிறிய பள்ளியில் ஒவ்வொரு மாணாக்கனும் அதிகமான காரியங்களில் பொறுப்பேற்கிறான். நாடகத்துக்கு ஆள் போதாதபோது, கூச்சமுள்ளவனையும் மேடையேற்றியே தீரவேண்டும். கூட்டம் பெருகியவிடத்து அவன் பார்வையாளனாகிவிடுகிறான். எழும்பூரில் ஜான் பிரிஸ்கன் ஆசானானதும் ஆள் போதாமையாலன்றோ? மனிதன் நிலையாகப் பழகி அறியக்கூடியவர் ஏறக்குறைய 150 பேர் என்று இங்கிலாந்தின் ராபின் டன்பார் 1990-களில் கூறினார். அத்தொகையை மறுப்போரும் உளர். எது எவ்வாறாயினும், பெல்லின் 200 அந்த எல்லையைச் சற்றே தாண்டியது. லங்காஸ்டரின் 1,000 அதனைக் கண்ணிற் காணவுமில்லை.

சட்டாம்பிள்ளை முறை வெகுதூரம் பரவியது. பிரான்சு, ருஷியா, தென்னமெரிக்கா ஆகிய இடங்களிலும் அதன் பள்ளிகள் தோன்றின. கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மதராஸ் பள்ளிகள் என்ற பெயரிலேயே அவை நடந்தன. பெல் இறக்கும்போது இங்கிலாந்தில் தேசியச் சங்கத்தின் பள்ளிகள் ஏறக்குறைய 12,000 இருந்தன. ஆயினும் பயன் குறைவென்று கண்டு, 1846-ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கம் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோரைப் பழக்கி ஆசிரியராக்கும் வேறு முறையைக் கைக்கொண்டது. லங்காஸ்டர் தம் சங்கத்தாராலேயே விலக்கப்பட்டு, அமெரிக்கா சென்று, வறுமையில் உழன்று, 1838-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வண்டி விபத்தில் இறந்தார்.

பெல்லின் கடைசி நாட்கள் செல்வத்தில் கழிந்தன, ஆனால் தனிமையில். பேச்சுத் திறம் போய்விட்டது. சேர்த்த பொருளை என் செய்வது என்று பலவாறு எண்ணி, முடிவில் 1,20,000 பவுனைக் கல்விக்கென ஒதுக்கினார். அதிற் பெரும்பங்கு ஸ்காட்லாந்து நகரங்களுக்குச் சென்றது. எழும்பூருக்கு அதிற் பங்கில்லை. 1832-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆம் நாள் செல்ட்டன்ஹாமில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள அவர் நினைவுக்கல்லில், பெல் அமர்ந்திருக்கப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

எழும்பூர் விடுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகைக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்த லாரன்ஸ் விடுதியுடன் இணைந்தது. எழும்பூர் ரயில் நிலையம் 1908-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பெல்லின் பொருளால் 1833-ஆம் ஆண்டு செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் தொடங்கிய பள்ளியோ இன்றும் நடைபெறுகின்றது. 2021-ஆம் ஆண்டு புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த போதும் அது தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. நம் நகரம் 1996-ஆம் ஆண்டிலிருந்து எல்லா மொழிகளிலும் சென்னை ஆகிவிட்டது. வடகடலின் குளிர்காற்றில் பள்ளிக்கு நடந்து செல்லும் அவ்வூர்ப் பிள்ளைகள் மட்டும், எங்கே படிக்கிறாய் என்று கேட்டால், மதராஸில் என்கின்றனர்.